இடது சீட்டுக்கு யார் முதலில்?

என் அக்கா மகன் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் கோ-பைலட். வீடு பல்லாவரம், பேஸ் (வேலைக்குக் கிளம்பும் விமான நிலையம்) மீனம்பாக்கம். ஏழு வருடமாக ஏ320 விமானம் ஓட்டுகிறான், எல்லாம் வலது சீட்டில் உட்கார்ந்துதான். போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தவன், சாப்பிடக்கூட உட்காராமல் மொபைலை நீட்டி, "மாமா, இதைப் படிங்க" என்றான். கமாண்டர், அதாவது கேப்டன், பயிற்சிக்குத் தேர்வானவர்களின் பட்டியல். ஆறு பெயர். அவன் பெயர் இல்லை. அவனுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரின் பெயர்கள் இருந்தன.

"டெஸ்ட்ல போயிடுச்சா?"

"டெஸ்ட்டே வைக்கல மாமா. மார்க் போட்டு எடுத்திருக்காங்க."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தவன் நான். இப்போது வார இறுதியில் தொழிலாளர் சட்டம் படிக்கும் பகுதிநேர மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். அந்த வகுப்புக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். நிறுவனத்தின் தரப்பை நான் கேட்கவும் இல்லை. அவன் சொன்னதும், அவன் காட்டிய ஒரு பக்கச் சுற்றறிக்கையும்தான் என்னிடம் இருப்பவை.

சுற்றறிக்கையில் ஐந்து தலைப்புகளில் மார்க் இருந்தது. சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் மாதிரி இயங்கும் பயிற்சி எந்திரம், சுருக்கமாக சிம்) தேர்ச்சி, எரிபொருள் சிக்கனம், நேரத்துக்குப் புறப்படுதல், வருகைப் பதிவு, கடைசியாக மேலாளரின் மதிப்பீடு. சிம்மில் அவனுக்குக் குறையே இல்லை. போனது கடைசி இரண்டில். டெங்கு வந்து இரண்டு வாரம் படுத்திருக்கிறான். அது போக, தூக்கம் போதாமல் "இன்று ஓட்டும் நிலையில் நான் இல்லை" என்று இரண்டு முறை களைப்பு அறிக்கை கொடுத்திருக்கிறான். மேலாளரின் மதிப்பீட்டுக்கு எதிரே ஒரு எண் மட்டும். காரணம் எழுதவில்லை.

என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? நிறுவனம் செய்தது சரிதான் என்பது. "சீனியாரிட்டி" என்றாலே எனக்கு ஃபைலுக்குப் பின்னால் தூங்கும் ஆள்தான் ஞாபகம் வருவார். பதவி உயர்வு திறமைக்குத்தான் என்று யார் சொன்னாலும் தலையாட்டிப் பழகியவன். அவனிடம் அதை அப்படியே சொல்லவில்லை, அவ்வளவுதான். "சரி, மனு எழுதலாம். அதுக்கு முன்னாடி கேப்டன் சாரைப் பார்ப்போம்" என்றேன்.

கேப்டன் சார் எங்கள் நங்கநல்லூர் தெருவில் நான்காவது வீடு. இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்து, ஏர் இந்தியாவில் ரிடையர் ஆனவர். ஒன்றில் சேர்ந்தவர் இன்னொன்றில் எப்படி ரிடையர் ஆனார் என்பதிலேயே இந்த ஆய்வின் பாதி இருக்கிறது.

வரிசை எண்

விமானி வேலை தெரியாத வாசகருக்காகக் கொஞ்சம். காக்பிட்டில் இடது சீட் கேப்டனுடையது, வலது சீட் கோ-பைலட்டுடையது. இரண்டு பேருமே விமானத்தை ஏற்றி இறக்கத் தெரிந்தவர்கள். ஒரு தடவை இவர் ஓட்டினால் அடுத்த தடவை அவர். ஆனால் முடிவும் பொறுப்பும் இடது பக்கம். நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்தால் வணிக உரிமம் வாங்கலாம். கமாண்டராக ஏடிபிஎல் என்கிற உரிமம் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம். சம்பளம், மரியாதை, வெளிநாட்டு வாய்ப்பு எல்லாமே அந்த மூன்றடி இடமாற்றத்தில் தலைகீழாக மாறும்.

சங்கம் வலுவாக உள்ள நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், சேர்ந்த தேதிப்படி ஒவ்வொரு விமானிக்கும் ஓர் எண் உண்டு. எந்த ரக விமானம், எந்த ஊர் பேஸ், எந்த மாதம் லீவு, தீபாவளி மாதிரி நாளில் யார் வீட்டில் இருப்பது, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் போவது, எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். கமாண்டர் பயிற்சிக்குக் கூப்பிடுவதும் அப்படியே.

"அப்ப மோசமான பைலட்டும் நேரம் வந்தா கேப்டனா?" என்று கேட்டேன். எல்லோரும் கேட்கும் கேள்விதான்.

கேப்டன் சார் சிரித்தார். "சார், நீங்க வேலைக்குச் சேர்ந்தப்புறம் உங்களுக்கு எத்தனை தடவை பரீட்சை வச்சாங்க?"

ஒரு தடவைகூட இல்லை.

"எங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. சிம்முல உக்கார வச்சு, டேக்-ஆஃப்ல வேகம் எடுக்கிற நேரத்துல ஒரு இன்ஜினை அணைச்சுடுவாங்க. அதோட மெடிக்கல் வேற. அது ஃபெயில் ஆனாலும் வீடுதான். கமாண்ட் ட்ரெயினிங் தனி. நம்பர் வந்தா கூப்பிடுவாங்க, அவ்வளவுதான். பாஸ் பண்ணாதான் சீட். பண்ணலையா, திரும்ப வலது பக்கம் போய் உக்காரு."

எண் என்பது வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். வாசலைத் தாண்ட வைக்காது. சட்டத்திலும் நமக்குப் பழகிய வேறுபாடுதான் இது. ஊரக வங்கிப் பதவி உயர்வு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1998இல் தெளிவாகச் சொன்னது: "சீனியாரிட்டியும் தகுதியும்" என்று விதி இருந்தால், வேலைக்குத் தேவையான குறைந்தபட்சத் தகுதியை வைத்து ஆட்களைப் பார்க்க வேண்டும், அதைத் தாண்டியவர்களுக்குள் மூத்தவருக்கே முதல் இடம், இளையவர் அவரைவிடக் கெட்டிக்காரராக இருந்தாலும். வகுப்பில் இதைப் பத்து வருடமாகச் சொல்லித் தருகிறேன். விமானத்துக்குப் பொருத்திப் பார்த்ததில்லை.

மூடுபனியும் தபால் பையும்

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று தேடினால் 1919க்குப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தபால் துறை அப்போது விமானத்தில் தபால் அனுப்பத் தொடங்கியிருந்தது. மூடுபனி, மழை, எதுவானாலும் கிளம்பு என்பது மேலிடத்து உத்தரவு. அந்த ஜூலையில், பனி மூடியிருக்கிறது, போக மாட்டேன் என்று மறுத்த இரண்டு விமானிகளை வேலையை விட்டு நீக்கினார்கள். மற்றவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே விமானிகள் சங்கம் முறையாக உருவானது 1931இல். அந்தச் சங்கமும் மோசமான வானிலையில் பறக்கச் சொல்லி நெருக்கும் முதலாளிகளை எதிர்த்தே வளர்ந்தது.

அடுத்த வருடம், 1932 அக்டோபரில், கராச்சியில் கிளம்பிய டாடா தபால் விமானம் பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்தது. முதல் பாதியை ஜே.ஆர்.டி. டாடாவே ஓட்டினார், பம்பாயிலிருந்து சென்னை வரை ஓட்டியவர் நெவில் வின்சென்ட். முதலாளியே ஓட்டினால் "போகாதே" என்று சொல்லச் சங்கம் தேவையில்லை, அது வேறு கதை.

1919இல் நடந்ததைக் கவனியுங்கள். அந்த விமானிகள் கேட்டது சம்பளம் இல்லை. "முடியாது" என்று சொன்னால் வேலை போகக்கூடாது என்பதுதான். அப்படிச் சொன்னவனை நேரடியாக நீக்கினால் ஊர் பார்க்கும். பதவி உயர்வுப் பட்டியலில் ஒதுக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. சேர்ந்த தேதியை மேலாளரால் மாற்ற முடியாது. அதனால்தான் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். மூத்தவர் மேல் உள்ள மரியாதையால் இல்லை.

ரேஷன் கடை வரிசை

சரி, அப்படியானால் சீனியாரிட்டி எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா? இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போது பார்க்க வேண்டும்.

2007இல் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஏர் இந்தியாவையும் மத்திய அரசு ஒன்றாக்கியது. ஒன்று உள்நாடு, ஒன்று வெளிநாடு. ஏர் இந்தியாவில் பெரிய விமானங்கள், எண்ணிக்கை குறைவு. இந்தியன் ஏர்லைன்ஸில் சின்ன ஏர்பஸ்கள், எண்ணிக்கை அதிகம். அதனால் அங்கே இடது சீட் சீக்கிரம் கிடைக்கும். ஏர் இந்தியாவில் காத்திருப்பு நீளம், ஆனால் கிடைத்தால் பெரிய விமானம், பெரிய சம்பளம். சங்கங்களும் இரண்டு. இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கம் ஐசிபிஏ, ஏர் இந்தியா பக்கம் ஐபிஜி.

இரண்டு ரேஷன் கடைகளை ஒன்றாக்கிவிட்டு, இரண்டு வரிசையையும் ஒரே வரிசையாக நில்லுங்கள் என்று சொன்னால் என்ன ஆகும்? காலை ஆறு மணிக்கு வந்தவர் மெதுவாக நகரும் வரிசையில் இன்னும் பின்னால் நிற்கிறார். எட்டு மணிக்கு வந்தவர் வேகமான வரிசையில் கவுன்டரைத் தொட்டுவிட்டார். வந்த நேரப்படி நிறுத்துவதா? கவுன்டருக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தார் என்று பார்ப்பதா? இல்லை, "எங்கள் கடை இது, நீங்கள் பின்னால் நில்லுங்கள்" என்பதா? மூன்றிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்றிலும் பாதிப் பேர் கத்துவார்கள்.

அமெரிக்காவில் மூன்றுக்கும் சண்டை நடந்திருக்கிறது. 2001இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டிடபிள்யூஏ விமானிகளில் பெரும்பாலோரைப் பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பர் 11. ஆட்குறைப்பு வந்ததும் அடியில் இருந்தவர்கள்தான் முதலில் வெளியே. இந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் 2007 டிசம்பரில், பட்டியல்களை நியாயமாக இணைக்க வேண்டும் என்று மெக்காஸ்கில்–பாண்ட் சட்டம் வந்தது. 2005இல் யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தபோது நடுவர் ஒருவர் இரண்டாவது வழியை ஒட்டித் தீர்ப்புச் சொன்னார். யூஎஸ் ஏர்வேஸில் 16, 17 வருடம் சர்வீஸ் இருந்தும் அந்தச் சமயம் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர்கள், எதிர்ப்பக்கம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கீழே போனார்கள். கோபத்தில் யூஎஸ் ஏர்வேஸ் விமானிகள் 2008இல் தங்கள் சங்கத்தையே வாக்களித்து வெளியேற்றிவிட்டுப் புதுச் சங்கம் கண்டார்கள். பட்டியல் சண்டை பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2011 ஏப்ரல் கடைசியில் ஐசிபிஏ வேலைநிறுத்தம், பத்து நாள். ஒரே நிறுவனம் ஆகிவிட்டது, சம்பளம் மட்டும் ஏன் இரண்டு என்பது முக்கியக் கேள்வி. கேப்டன் சாரும் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர். "மீனம்பாக்கத்துல இருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன் சார் ஒரு நாள். அடையாளம் தெரிஞ்ச ஒரு பாசஞ்சர் கண்டபடி கேட்டார். அவர் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குப் போகணுமாம். நான் என்ன பதில் சொல்றது?"

அடுத்த வருடம் மறுபக்கம். புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானங்களுக்கான பயிற்சியை இரு தரப்பு விமானிகளுக்கும் பகிர்ந்து தர நிர்வாகம் முடிவு செய்தது. இந்த விமானங்களை இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா ஆர்டர் செய்தது, அதில் எங்கள் கமாண்டர் வாய்ப்பு இருக்கிறது, அதை ஏன் பங்கு போடுகிறீர்கள் என்றது ஐபிஜி. நீதியரசர் தர்மாதிகாரி குழு இரு தரப்பையும் ஒன்றிணைக்க அறிக்கை கொடுத்து சில மாதங்களே ஆகியிருந்தன. 2012 மே மாதம் தொடங்கி ஜூலை தொடக்கம் வரை 58 நாள் வேலைநிறுத்தம். நூறு பேர் அளவில் வேலை நீக்கம், சங்கத்தின் அங்கீகாரம் ரத்து, டெல்லி உயர் நீதிமன்றம், கடைசியில் வாபஸ். செப்டம்பரில் முதல் 787 வந்து இறங்கியது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேப்டன் சாரிடம் கேட்டேன். அவருடைய எதிர்க்கட்சிதான் ஐபிஜி. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவங்க எடத்துல நான் இருந்திருந்தா நானும்தான் உக்காந்திருப்பேன்" என்றார்.

என் கணக்கில், அந்த இரண்டு வருடச் சண்டையும் சீனியாரிட்டி முறையின் தோல்வி. எண் ஒரு நிறுவனத்துக்குள்தான் காசு. வாசலுக்கு வெளியே செல்லாத நோட்டு. இரண்டு நிறுவனம் சேர்ந்தால் நோட்டை மாற்றும் விகிதத்துக்கே அடிதடி. நிறுவனம் செத்தால் மொத்தமும் போச்சு. 2012இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அங்கிருந்த கமாண்டர்களை மற்ற நிறுவனங்கள் நேரடியாகக் கமாண்டர்களாகவே எடுத்துக்கொண்டன. நல்லதுதான், இல்லாவிட்டால் 45 வயதுக்காரர் திரும்ப வலது சீட்டில் உட்கார வேண்டும். ஆனால் அவர் உட்கார்ந்த ஒவ்வொரு இடது சீட்டுக்கும் பின்னால் அந்தக் கம்பெனியிலேயே வரிசையில் நின்ற ஒரு கோ-பைலட் இருந்தான். 2024 நவம்பரில் விஸ்தாராவும் ஏர் இந்தியாவுக்குள் வந்துவிட்டது. அங்கும் இதே கணக்கைத்தான் யாராவது போட்டாக வேண்டும்.

மூத்தவர்கள் கையில் இருக்கும் சங்கம் இளையவர்களை விற்றுவிடும் ஆபத்தும் உண்டு. ஓய்வு வயது 60இலிருந்து 65 ஆனபோது மூத்தவர்களுக்கு ஐந்து வருடச் சம்பளம் கூடுதல்; கீழே நின்றவர்களுக்கு வரிசை ஐந்து வருடம் உறைந்து போனது.

நல்ல விமானி யார்?

இவ்வளவு குறை இருந்தால் திறமையைப் பார்த்தே கொடுத்துவிடலாமே. அப்படித்தான் நானும் கேட்டேன்.

"யார் நல்ல பைலட்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றார் கேப்டன் சார்.

மெத்தென்று தரையிறக்குபவர் என்றேன். பயணிகள் கைதட்டுவார்களே.

அக்கா மகன் முந்திக்கொண்டான். "மாமா, மழைத்தண்ணி நிக்கிற ரன்வேல மெத்துனு இறக்கினா சக்கரம் வழுக்கும். அங்க கொஞ்சம் தடால்னுதான் வைக்கணும். பின்னால திட்டுவாங்க, ஆனா அதான் சரி."

எரிபொருள் சிக்கனம்? கார்த்திகை மழையில் சென்னை வானம் அடைத்துக்கொண்டிருக்கும்போது பெங்களூருவுக்குத் திரும்பிப்போகும் அளவுக்கு எரிபொருளைக் கூடுதலாக ஏற்றுபவருக்கு அதில் மார்க் குறையும். நேரத்துக்குப் புறப்படுதல்? டயரில் ஒரு வெட்டைப் பார்த்து இன்ஜினியரைக் கூப்பிடுபவர் லேட். விற்பனைப் பிரிவில் அதிகம் விற்றவரைக் கண்டுபிடிக்கலாம். லேத்தில் அதிகம் கடைந்தவரை எண்ணலாம். விமானிக்கு முழுச் சர்வீஸும் ஒன்றுமே நடக்காமல் போனால் அதுதான் வெற்றி, அதை எப்படி எண்ணுவது? போதாக்குறைக்கு அந்தத் தொழிலே எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்ற அடிப்படையில் நிற்கிறது. விடிகாலை நாலு மணிக்கு முதல் முறையாகக் கை குலுக்கிக்கொள்ளும் இரண்டு பேர், ஐந்து மணிக்கு 180 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். அங்கே தனித்திறமை காட்டும் ஸ்டார் யாருக்கும் வேண்டாம்.

ஸ்டார் என்றதும் கேப்டன் சார் டெனெரீஃப்பைச் சொன்னார். 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான அந்தத் தீவில், பனி மூடிய ரன்வேயில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வராமலே டேக்-ஆஃப் தொடங்கிய கேஎல்எம் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தின் 747 பயிற்சித் தலைவர், விளம்பரங்களில் முகம் வந்தவர். மார்க் போட்டிருந்தால் முதல் இடம் அவருக்குத்தான். பக்கத்தில் இருந்த கோ-பைலட்டுக்கு 747 தகுதிச் சோதனை நடத்தியவரும் அவரே. எதிரே இன்னொரு விமானம் ரன்வேயை விட்டுப் போய்விட்டதா என்று பின்சீட்டிலிருந்த ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகமாகக் கேட்டார். போயாச்சு என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அப்புறம் யாரும் பேசவில்லை.

டெனெரீஃப் பற்றி நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் உனக்கு மார்க் போடுகிற ஆள் உன் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்ற கோணத்தில் பார்த்ததில்லை. அலுவலகத்தில் மேலாளரிடம் வாயை மூடிக்கொண்டால் ஒரு மீட்டிங் வீணாகும். அங்கே என்ன ஆகும் என்பதற்கு 583.

என் பழைய கோப்பு

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் டெனெரீஃப் இல்லை.

எங்கள் தொழிற்சாலை பிரஸ் ஷாப்பில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். உற்பத்தி கூட வேண்டும் என்பதற்காகப் பிரஸ்ஸின் பாதுகாப்புக் கார்டை (கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பு) கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னபோது மறுத்தவர். இரண்டு ஷிஃப்ட் தகராறு. வருடக் கடைசியில் சூப்பர்வைசர் அவருக்கு எழுதிய மதிப்பீடு என் மேசைக்கு வந்தது. "ஒத்துழைப்பு போதாது." நான் கையெழுத்துப் போட்டேன். சார்ஜ்ஹேண்ட் பதவி அவருக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. அந்தத் தகராறு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, தெரியும். ஆனால் படிவத்தில் "கார்டைக் கழற்ற மறுத்தார்" என்ற கட்டம் இல்லை, "ஒத்துழைப்பு" என்ற கட்டம் இருந்தது. ஒன்று இன்னொன்றாக மாறியது எவ்வளவு சுலபமாக நடந்தது என்றால், திறமைக்குத்தான் கொடுத்தோம் என்று நானே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

களைப்பு அறிக்கை "வருகைப் பதிவு" ஆனதும் அதே வித்தைதான்.

சல்லடையில் ஓட்டை

இங்கே ஆய்வை முடித்துவிட்டால் சங்கத்துக்காரர் எழுதிய துண்டுப் பிரசுரம் மாதிரி ஆகிவிடும். வாசலில் வைத்திருக்கும் சல்லடை ஓட்டையாக இருந்தால் வரிசை ஆளைக் கொல்லும்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் விழப்போகும்போது மூக்கைக் கீழே தள்ளுவதுதான் முதல் பாடம். கேப்டன் மேலே இழுத்தார். அவர் பல தகுதிச் சோதனைகளில் தோற்றவர் என்பதும், வேலைக்கு விண்ணப்பித்தபோது எல்லாத் தோல்விகளையும் சொல்லவில்லை என்பதும் பிறகுதான் வெளியே வந்தது. வரிசைப்படி வந்து, தகுதிச் சோதனைகளையும் தாண்டி, இடது சீட்டில் உட்கார்ந்தவர்.

நம் பக்கம் 2010 மே 22, மங்களூரு. 158 பேர். 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த கேப்டன். இறங்காதே, மேலே ஏற்று என்று கோ-பைலட் மூன்று முறை சொல்லியும் அவர் இறங்கினார் என்கிறது விசாரணை அறிக்கை. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. 21 பேர், இரண்டு விமானிகளும் சேர்த்து. அங்கேயும் கோ-பைலட் "கோ அரவுண்ட்" என்றார், கேப்டன் கேட்கவில்லை. கோழிக்கோடு அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது, பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தவன் கண்ணில்தான் அது குத்தும். கோழிக்கோடு பேஸில் 26 கோ-பைலட்டுகளுக்கு ஒரே ஒரு கேப்டன். மறுநாள் காலை அங்கிருந்து கிளம்ப வேண்டிய விமானத்தை ஓட்டவும் அவரே வர வேண்டும். வேறு ஊரில் இறங்கினால் அது நடக்காது. எப்படியாவது இங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். யாருக்கு எந்த பேஸ் என்ற ஆள் ஒதுக்கீட்டுக் கொள்கையின் மேலும் பழி விழுந்தது.

மூன்று விபத்திலும் கேப்டன் அனுபவம் உள்ளவர். இந்திய விபத்துகள் இரண்டிலும் வலது சீட் சரியாகச் சொன்னது. வலது சீட் சொல்லாமல் விட்டால் ஆபத்து என்பது டெனெரீஃப். சொல்லியும் கேட்காவிட்டால் ஆபத்து என்பது இவை. சீனியாரிட்டியோ மார்க்கோ, இரண்டாவதை இரண்டுமே தீர்க்காது. முதலாவதை மார்க் முறை இன்னும் மோசமாக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் பக்கம் போகிறவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்த்திருக்கலாம். பராந்தகச் சோழன் காலம், ஆயிரத்து நூறு வருடம் ஆகிவிட்டது. குடவோலை என்றதும் பானையில் சீட்டுப் போட்டுக் குலுக்கியது மட்டும்தான் நமக்கு ஞாபகம். அதற்கு முந்தைய வரிகள்தான் கடுமையானவை. 35 வயதுக்கு மேல், 70க்குள், வரி கட்டும் நிலமும் சொந்த வீடும், படிப்பு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் வேண்டாம், கடந்த மூன்று வருடத்தில் பதவியில் இருந்தவனும் வேண்டாம். இத்தனையும் தாண்டியவர்களின் பெயர்கள்தான் பானைக்குள் போகும். அதன் பிறகு யார் சிறந்தவர் என்று யாரும் வாய் திறக்க முடியாது. ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுப்பான். (அந்தத் தகுதிகளில் யாரெல்லாம் வெளியே நின்றார்கள் என்பது வேறு விவாதம், வகுப்பில் அதுவும் வரும்.)

சல்லடையை இறுக்கு, அதற்கப்புறம் கையைக் கட்டு. விமானிகளின் எண்ணும் அந்தச் சிறுவன் மாதிரிதான்.

வளைகுடா நாட்டு நிறுவனங்களில் சங்கமே இல்லாமல் நன்றாகத்தானே ஓடுகிறது என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். ஓடுகிறது. சென்னையிலிருந்து போனவர்களும் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். அங்கே பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டித் திரும்பி வர ஓர் ஊர் இருக்கிறது. மீனம்பாக்கம் பேஸில் இருக்கும் பையனுக்கு, நம் விதிப்படி, கம்பெனி மாறவே கோ-பைலட் ஆறு மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கமாண்டர் ஒரு வருடம். கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு சந்தை விலை பேசுவது சரிப்படாது.

மனு

முதல் வரைவை அக்கா மகனே எழுதிக்கொண்டு வந்தான். மூன்று பக்கம். தன்னைத் தாண்டிப் போன இரண்டு பேரைப் பற்றி ஒரு பத்தி, அதில் ஒருவர் மேலாளரோடு பேட்மின்டன் ஆடுவது பற்றி ஒரு வரி. கேப்டன் சார் பேனாவால் அந்தப் பத்தியை அடித்தார்.

"தம்பி, அந்தப் பொண்ணு நல்லா ஓட்டுமா, ஓட்டாதா?"

"நல்லாத்தான் அங்கிள் ஓட்டுவா."

"அப்ப அவளை ஏன் இழுக்குற? நாளைக்கு அவளோடதான் நீ வலது சீட்டுல உக்காரப் போற."

அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

சேர்ந்த தேதிப்படி பயிற்சி கொடுங்கள் என்ற கோரிக்கையையும் எடுத்துவிட்டோம். அவனுடைய நியமன உத்தரவில் சீனியாரிட்டி என்ற சொல்லே இல்லை, சங்கமும் இல்லை. எதை வைத்துக் கேட்பது? மிஞ்சியது ஒன்றரைப் பக்கம், இரண்டு கோரிக்கைகள். மேலாளரின் மதிப்பீட்டுக்கு எழுத்தில் காரணம் வேண்டும். களைப்பு அறிக்கையும் மருத்துவ விடுப்பும் மார்க் கணக்கில் சேரக் கூடாது. ஏற்கெனவே சேர்ந்திருந்தால் எல்லோருக்கும் எடுத்துவிட்டுத் திரும்பக் கூட்ட வேண்டும், எனக்கு மட்டும் வேண்டாம்.

"எல்லாருக்கும் எடுத்துட்டுக் கூட்டினாலும் நான் ஏழாவதா வந்தா?" என்று கேட்டான்.

"வந்தா அடுத்த பேட்ச்" என்றார் கேப்டன் சார்.

அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. "தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்திருக்கிறது. வகுப்பில் இதை நான் பெயர்களை மறைத்துக் கொடுத்தபோது, நாற்பது பேரில் பாதிக்கு மேல் நிறுவனத்தின் பக்கம்தான் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும், ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்பவர், விடைத்தாளின் ஓரத்தில் "மேலாளருக்கு யார் மார்க் போடுவது?" என்று கேட்டிருந்தார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி அக்கா போன் செய்தாள். அவன் எட்டு மணிக்கே படுத்துவிட்டானாம், விடிகாலை போர்ட் பிளேர். நன்றாகத் தூங்குகிறானா என்று கேட்டேன். "ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்திட்டான், அவ்ளோதான் தெரியும்" என்றாள்.